மன்சி கியர்பாக்ஸை எல்எஸ் எஞ்சினோடு சேர்க்கும் கிட்: எட்டு மாதம் ஓட்டிய பிறகு

உள்ளே இருந்த இரும்புக்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். கூட வைத்திருந்த விளக்கத் தாளுக்கு ஒன்று கொடுத்தாலே அதிகம். இரண்டும் ஒரே பெட்டியில் வந்ததால் மதிப்பெண்ணையும் சேர்த்தே போட வேண்டியிருக்கிறது. எனக்குச் சங்கடம் அதில்தான்.

கார் 1967 கேமரோ. அதிலிருந்த 350 எஞ்சினின் ஒரு சிலிண்டர் சுவரில் விரிசல் விட்டு, தண்ணீரும் ஆயிலும் கலந்துபோயின. சரிசெய்யலாம் என்று ஒரு வருடம் யோசித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு பிக்கப் லாரியிலிருந்து கழற்றிய 5.3 லிட்டர் எல்எம்7 எஞ்சினை வாங்கிவிட்டேன். ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் குடும்பத்து எஞ்சின்தான். பிளாக் அலுமினியம் அல்ல, வார்ப்பிரும்பு. 1999 முதல் 2007 வரை லாரிகளில் வந்ததால் எங்கு தேடினாலும் கிடைக்கிறது. ஆனால் கியர்பாக்ஸை மட்டும் மாற்றுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். காரில் இருந்தது மன்சி எம்20, நான்கு கியர். ஐந்து கியர் பெட்டி போட்டால் நெடுஞ்சாலையில் சுகமாக இருக்கும், தெரியும். ஆனால் நான் பார்த்த ஐந்து கியர் பெட்டியின் முதுகு பெரியது. அதற்காகக் காரின் தரையை வெட்டித் தூக்க வேண்டும். ஐம்பது வருடத்துக்கும் மேல் யாரும் கை வைக்காத தரையில் முதல் வெட்டை நான் போட மனம் வரவில்லை.

இந்த இரண்டையும் சேர்ப்பதில் சிக்கல் என்ன என்று ஒரு வரியில் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள்: போல்ட் ஓட்டைகள் கிட்டத்தட்ட எல்லாமே பொருந்திவிடும். 1955-ல் வந்த சின்ன பிளாக் ஷெவர்லேவின் (என் பழைய 350-ம் அந்த வகைதான்) பெல் ஹவுசிங் அமைப்பையே, அதாவது எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே வரும் மணி வடிவ உறையை மாட்டும் ஓட்டை அமைப்பையே, மேலே ஒரு ஓட்டையை இடம் மாற்றியதைத் தவிர, எல்எஸ்ஸிலும் வைத்துக்கொண்டார்கள். அதனால் பழைய பெல் ஹவுசிங்கைப் புது எஞ்சினில் வைத்துப் பார்த்தால் 'அட, அப்படியே உட்காருகிறதே' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. தொல்லை உள்ளே இருக்கிறது. ஃப்ளைவீலை (எஞ்சினின் பின்னால் சுற்றும் கனமான சக்கரம்) மாட்டும் கிராங்க் தண்டின் முகம் பழைய எஞ்சினில் இருந்த இடத்தைவிட 0.400 அங்குலம், அதாவது சுமார் 10 மி.மீ, முன்னால் தள்ளி இருக்கிறது. அந்த 10 மி.மீ காரணமாகக் கிளட்ச் முன்னால் போய்விடுகிறது, கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் மூக்கு, அதைத் தாங்கக் கிராங்க்கின் வாலில் இருக்கும் பைலட் பேரிங்கை எட்டாமல் நிற்கிறது, மிதித்தால் கிளட்ச்சைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கும் எட்டாது. லாரியிலிருந்து வந்த எஞ்சின்களில் விதிவிலக்கும் உண்டு. 1999, 2000-ல் வந்த இரும்பு ஹெட் 6.0 லிட்டரில் கிராங்க் நீளமானது. உங்களிடம் அது இருந்தால் இந்தக் கிட் வேண்டாம், வாங்கினால் எதிர்ப்பக்கமாகத் தப்பாகும்.

நான் வாங்கிய கிட் இந்த 10 மி.மீட்டரை ஃப்ளைவீலிலேயே ஈடுகட்டுகிறது. ஸ்டார்ட்டர் எஞ்சின் பிளாக்கில் மாட்டப்படுவதால் பல் வளையம் எல்எஸ்ஸுக்கு உரிய இடத்திலேயே இருக்க வேண்டும். கிளட்ச் உரசும் முகம் மட்டும் பின்னால் வர வேண்டும். இவர்கள் ஒரே எஃகுத் துண்டில் அதைக் கடைந்திருக்கிறார்கள். நடுவில் வளையம் வைத்துத் தடிமன் கூட்டும் மலிவான வழி இல்லை. வெர்னியர் வைத்து மூன்று இடத்தில் அளந்தேன். தடிமன் எங்கும் ஒன்றுபோல இருந்தது. பல் வளையத்தில் பிசிறு இல்லை. எல்எஸ் எஞ்சினுக்குள்ளேயே சமநிலை செய்யப்பட்டது என்பதால் ஃப்ளைவீலில் எதிர் எடை எதுவும் கிடையாது. இருக்கவும் கூடாது. பழைய 400 சின்ன பிளாக்கின் ஃப்ளைவீல் ஒன்று சும்மா கிடக்கிறதே என்று யாராவது கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள், அதில் எதிர் எடை உண்டு.

ஃப்ளைவீல் தவிர பெட்டியில் இருந்தவை: பிரஷர் பிளேட், 11 அங்குலக் கிளட்ச் பிளேட், ஃப்ளைவீல் போல்ட்டுகள் ஆறு, பைலட் பேரிங், ஹைட்ராலிக் ரிலீஸ் பேரிங்கும் அதன் குழாய்களும், 3/4 அங்குல மாஸ்டர் சிலிண்டர், அதைச் சாய்வாகப் பிடிக்கும் ஒரு தட்டு, இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளான ஷிம்கள், கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்த ஒரு பிளாஸ்டிக் குச்சி. எல்லாம் தனித்தனிப் பையில், தனித்தனிச் சீட்டோடு. ராடும் நெம்புகோலும் வைத்த பழைய கிளட்ச் அமைப்பையே வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு வேறு ஒரு பதிப்பும் இருக்கிறது. ஆனால் அந்த நெம்புகோலின் உருண்டை உட்காரும் இடம் எல்எஸ் பிளாக்கில் கிடையாது, தனித் தாங்கி போட வேண்டும். அதோடு அந்த வழியில் எக்ஸாஸ்ட் குழாய் குறுக்கே வரும். நான் ஹைட்ராலிக்குக்கே போய்விட்டேன்.

பெட்டியைப் பிரித்த அன்றே முதல் சறுக்கல். கிளட்ச் பிளேட்டைச் சும்மா இன்புட் ஷாஃப்ட்டில் செருகிப் பார்த்தேன், போகவில்லை. எண்ணிப் பார்த்தால் பிளேட்டில் 26 ஸ்ப்ளைன், என் ஷாஃப்ட்டில் 10. மன்சியில் 1970 வரை பெரும்பாலும் 10 ஸ்ப்ளைன், 1971-லிருந்து 26. இந்த விஷயம் விற்பவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் ஆர்டர் கொடுக்கும்போது கியர்பாக்ஸ் எந்த வருடத்தது என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பிளேட்டை மாற்றித் தந்தார்கள், வாதாடவில்லை. திருப்பி அனுப்பிய செலவு என்னுடையது. வாங்கப் போகிறவர்களுக்கு: பணம் கட்டும் முன் உங்கள் ஷாஃப்ட்டில் பற்களை எண்ணி, எண்ணிக்கையை எழுதி அனுப்பிவிடுங்கள்.

பைலட் பேரிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கிட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த துண்டு அதுதான். எல்எஸ் கிராங்க்கின் வாலில் இரண்டு குழிகள் உண்டு. உள்ளே சின்னது, பழைய எஞ்சின்களில் இருந்த அதே அளவு. வெளியே பெரியது. மன்சியின் மூக்கு உள் குழிவரை எட்டாது. அதனால் இவர்கள் வெளிக் குழியில் உட்காரும் பெரிய ஊசி பேரிங் ஒன்றைக் கொடுத்து, அதன் உள் விட்டத்தை மன்சி மூக்குக்கு ஏற்ற 0.590 அங்குலமாக வைத்திருக்கிறார்கள். நீட்டிய பித்தளைப் புஷ் கொடுக்கும் கிட்டுகளும் உண்டு. அவையும் வேலை செய்யும், ஆனால் நீளமான புஷ் குழிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருப்பது எனக்கு என்னவோ ஒப்பவில்லை. என் எஞ்சின் ஆட்டோமேட்டிக் லாரியிலிருந்து வந்ததால் அந்த வெளிக் குழியில் இதுவரை டார்க் கன்வெர்ட்டரின் மூக்குதான் உட்கார்ந்திருந்தது. உள்ளே துரு. எமரித் தாளால் மெதுவாகத் தேய்த்து, துணியால் துடைத்து, பேரிங்கை ஒரு இரவு ஃப்ரீஸரில் வைத்திருந்து, வெளி வளையத்தை மட்டும் தொடும் ஒரு சாக்கெட்டை வைத்துத் தட்டினேன். மூன்று தட்டில் உட்கார்ந்துவிட்டது. உள் வளையத்தின் மேலோ ஊசிகளின் மேலோ தட்டினால் அங்கேயே அதன் ஆயுள் முடிந்தது. தாளில் இது எழுதப்படவில்லை. 'பேரிங்கைப் பொருத்தவும்' என்று இரண்டே சொல்.

மூக்கு எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்றும் தாள் சொல்லவில்லை. அதற்கு நான் செய்தது: மூக்கில் நீல நிற மார்க்கிங் மை தடவி, கிளட்ச் போடாமல் கியர்பாக்ஸை ஒருமுறை மாட்டிக் கழற்றினேன். ஊசிகளின் நீளம் முழுக்க மை தேய்ந்திருந்தது. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஃப்ளைவீல் போல்ட்டுக்குத் தாள் 74 பவுண்டு-அடி என்று ஒரே எண்ணைக் கொடுக்கிறது. எல்எஸ்ஸுக்கு வழக்கமான முறை மூன்று சுற்று: முதலில் எல்லாவற்றையும் 15, பிறகு 37, அப்புறம் 74. நியூட்டன்-மீட்டரில் 20, 50, 100. கடைசி எண் சரிதான், ஆனால் ஒரு போல்ட்டை நேராக 74-க்கு இழுத்துவிட்டு அடுத்ததற்குப் போனால் ஃப்ளைவீல் சாய்ந்து உட்கார வாய்ப்பு உண்டு.

ஹைட்ராலிக் ரிலீஸ் பேரிங்கிலும் இதே கதை. பிரஷர் பிளேட்டின் விரல்களுக்கும் பேரிங்குக்கும் இடையே 0.150 முதல் 0.200 அங்குலம் இடைவெளி இருக்க வேண்டும். குறைந்தால் கிளட்ச் பிளேட் தேயத் தேய விரல்கள் பின்னால் வந்து பேரிங்கை முட்டி, கிளட்ச் வழுக்கத் தொடங்கும். கூடினால் மிதித்தாலும் முழுதாக விடுபடாது. என் காரில் ஷிம் இல்லாமல் 0.270 இருந்தது. 0.090 தடிமனுக்கு ஷிம் அடுக்கி 0.180-க்குக் கொண்டுவந்தேன். தாளின்படி செய்வதென்றால் 'கொடுக்கப்பட்டுள்ள ஷிம்களைப் போடவும்'. எல்லாவற்றையும் போட்டிருந்தால் இடைவெளியே இருந்திருக்காது. இன்னொன்று, திரவத்தில் சிக்கிய காற்றை வெளியேற்றும் குழாய் குட்டையாக இருந்தது. முன்பு கிளட்ச் ஃபோர்க் வெளியே வந்த அந்த ஜன்னல் வழியாகக் குழாயை எடுத்து, எளிதாகக் கை எட்டும் இடத்தில் முனையை வைக்கலாம் என்று பார்த்தால் அரை அடி போதவில்லை. நீளமானதை நானே வாங்கினேன். இந்த பேரிங் கசிந்தால் மொத்தக் கியர்பாக்ஸையும் இறக்க வேண்டும் என்பதால், மூடுவதற்கு முன் திரவம் நிரப்பி ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுப் பார்த்தேன். சொட்டுக்கூட இல்லை. எட்டு மாதமாகவும் இல்லை.

எஞ்சின் மவுண்ட்டைப் பற்றிக் கிட் ஒன்றும் சொல்வதில்லை. அது தனிச் சரக்கு, சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருக்கலாம். ஆனால் மவுண்ட் தட்டுகளில் எஞ்சினை ஒரு அங்குலம் முன்னால் வைப்பவை, பின்னால் வைப்பவை என்று பல வகை. பிளாக்கின் பின்முகம் பழைய எஞ்சினில் எங்கு இருந்ததோ அங்கேயே வரும் தட்டை எடுத்தால் கியர்பாக்ஸ், அதன் கீழ் உள்ள கிராஸ் மெம்பர், கியர் லீவர் ஓட்டை, புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம் எல்லாம் பழைய இடத்திலேயே இருக்கும். நான் அப்படி எடுத்தது முழுக்க யோசித்து எடுத்தது என்று சொன்னால் பொய். பாதி அதிர்ஷ்டம்.

இனி வருவது என் முட்டாள்தனம்.

எல்லாம் கோத்து முடித்து, கியர்பாக்ஸை ஏற்றும்போது உதவிக்கு மாமா வந்திருந்தார். நாற்பது வருடம் லேத் ஓட்டியவர். காரைப் பற்றி ரொம்பத் தெரியாது, ஆனால் சுற்றுகிற எதைப் பார்த்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான்.

"சென்டர் பாத்தியா?"

"அதெல்லாம் டவல் பின் இருக்கு மாமா. தானா உக்காந்துரும்."

"பின்னு இருந்தா சென்டர்ல இருக்குன்னு எவன் சொன்னான்?"

டவல் பின் என்பது பிளாக்கின் பின்முகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முளை, பெல் ஹவுசிங் அதில்தான் செருகி உட்காரும். கிட் தாளிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது என்று காட்டினேன். 'டவல் பின்கள் பெல் ஹவுசிங்கைத் தாமாகவே மையப்படுத்தும்.' அவர் கண்ணாடியைத் தூக்கி அதைப் படித்துவிட்டு, தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் மாட்டினேன்.

வண்டி கிளம்பியது. முதல் வாரம் சொர்க்கம். சுமார் 300 கி.மீ ஓடியதும் ஒரு சின்ன விஷயம்: நான்காவது கியரில் போகும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் லீவர் தானாக நியூட்ரலுக்கு வந்து நின்றது. ஒரு தடவை என்றால் என் கை சரியாகத் தள்ளவில்லை என்று விடலாம். மூன்றாம் நாள் நாலு தடவை. கூடவே இன்னொன்றும் சேர்ந்தது. சிக்னலில் முதல் கியர் போட்டு, கிளட்ச்சை மிதித்தபடி நிற்கும்போது ஒரு மெல்லிய கிறீச்சல். மிதியை விட்டு நகர்ந்தால் நின்றுவிடும். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கிளட்ச் பிடித்திருக்கும்போது கிராங்க்கும் இன்புட் ஷாஃப்ட்டும் ஒன்றாகச் சுற்றுவதால் பைலட் பேரிங்குக்கு வேலையே இல்லை. கிளட்ச்சை மிதித்துக் கியரில் நிற்கும்போதுதான் கிராங்க் சுற்ற, ஷாஃப்ட் நிற்க, நடுவில் அந்த ஊசிகள் உருளும். சத்தம் அங்கிருந்துதான்.

நான்காவது கியர் கழல்வதற்கும் அதுவே காரணம். மன்சியில் நான்காவது என்பது நேர் இணைப்பு: இன்புட் ஷாஃப்ட்டையும் வெளியே போகும் மெயின் ஷாஃப்ட்டையும் ஒரு வளையம் பூட்டிவிடுகிறது. இன்புட் ஷாஃப்ட்டின் பின்பக்கம் கியர்பாக்ஸில் உள்ள பேரிங்கில், முன்பக்கம் கிராங்க்கில் உள்ள பைலட் பேரிங்கில். இந்த இரண்டு மையங்களும் ஒரே கோட்டில் இல்லையென்றால் ஷாஃப்ட் ஒரு நூல் சாய்ந்தே சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பூட்டு வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும். சுமை குறைந்த நொடியில் கழன்றுவிடும்.

சரி, இறக்கினேன். மாமாவுக்குச் சொல்லியனுப்பினேன். மறுநாள் காலை டயல் கேஜும் (மிகச் சின்ன அசைவையும் முள்ளால் காட்டும் அளவி) அதைப் பிடித்து நிறுத்தும் காந்த அடியும் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். 'அன்னைக்கே சொன்னேன்ல' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அளக்கும் முறை கடினமில்லை. பெல் ஹவுசிங்கை வெறுமனே எஞ்சினில் போல்ட் செய்ய வேண்டும். காந்த அடியை ஃப்ளைவீலில் ஒட்ட வேண்டும் (எஃகு என்பதால் ஒட்டியது, அலுமினிய ஃப்ளைவீல் என்றால் இறுக்கிப் பிடிக்க ஏதாவது செய்ய வேண்டும்). கேஜின் முனையைப் பெல் ஹவுசிங்கின் பின்னால் கியர்பாக்ஸ் உட்காரும் வட்டத் துளையின் உள்சுவரில் வைக்க வேண்டும். மன்சிக்கு அந்தத் துளை 4.686 அங்குலம். ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் கிராங்க்கைக் கையாலேயே மெதுவாகத் திருப்பலாம். ஒரு முழுச் சுற்றில் முள் எங்கிருந்து எங்குவரை போகிறது என்று பார்க்க வேண்டும். மொத்த ஆட்டம் 0.005 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 0.13 மி.மீட்டருக்குள் இருந்தால் நல்லது என்பதுதான் பொதுவான கணக்கு.

எங்களுக்கு வந்தது 0.016. மூன்று தடவை திருப்பினோம். மூன்று தடவையும் அதேதான்.

முள் காட்டுவது மையம் விலகிய தூரத்தைப் போல இரண்டு மடங்கு. ஆக, விலகல் 0.008 அங்குலம். ஒரு தலைமுடித் தடிமனைப் போல இரண்டு மூன்று மடங்கு, அவ்வளவுதான். அந்த அளவுக்கே நான்காவது கியர் கழன்றிருக்கிறது. பைலட் பேரிங்கைப் பிடுங்கிப் பார்த்தால் ஊசிகள் வழவழப்பு இழந்து மங்கியிருந்தன. ஷாஃப்ட் மூக்கில் சுற்றிலும் ஒரு மங்கிய வளையம். மூக்கு தப்பித்தது, பேரிங் தப்பவில்லை.

இது யார் குற்றம்? கிட்டின் ஃப்ளைவீலும் பேரிங்கும் குறையில்லாதவை, அவற்றையும் தனித்தனியாக அளந்தோம். பெல் ஹவுசிங் காரில் பழையதாக இருந்தது, 621 என்று முடியும் வார்ப்பு எண் கொண்டது. அதைக் கடைந்தது வேறொரு காலத்தில், வேறொரு பிளாக்குக்காக. இந்த பிளாக்கின் பின் ஓட்டைகளுக்கும் கிராங்க் மையத்துக்கும் நடுவே ஒரு சின்னப் பிழை, பெல் ஹவுசிங்கின் ஓட்டைகளுக்கும் அதன் பின் துளைக்கும் நடுவே ஒரு சின்னப் பிழை. இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துவிட்டன. எதிர்த் திசையில் இருந்திருந்தால் ஒன்றையொன்று விழுங்கியிருக்கும். ஆக, இது கிட் தயாரித்தவர் செய்த தப்பு இல்லை. ஆனால் 'டவல் பின்கள் தாமாகவே மையப்படுத்தும்' என்று எழுதியது அவர்கள் தப்பு. பழைய பெல் ஹவுசிங்கோடு பயன்படுத்தத்தான் இந்தக் கிட்டை விற்கிறார்கள். வாங்குகிற ஒவ்வொருவரும் அளந்தே ஆக வேண்டிய ஒன்றை, தேவையில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். எழுதாமல் விட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

தீர்வு சின்னது. மையம் விலகிய டவல் பின்கள் தனியாகக் கிடைக்கின்றன, 0.007, 0.014, 0.021 அங்குலம் என்று மூன்று அளவில். பிளாக்குக்குள் போகும் பாதியும் வெளியே நீட்டும் பாதியும் ஒரே மையத்தில் இருக்காது. திருகுளியால் திருப்பினால் பெல் ஹவுசிங் முழுவதும் அந்தத் திசைக்கு நகரும். எங்கள் விலகல் 0.008 என்பதால் 0.007-ஐ எடுத்தோம். பழைய பின்களைப் பிடுங்குவதற்குள் வியர்த்துவிட்டது. புதியவற்றைப் போட்டு, இரண்டையும் ஒரே கோணத்தில் திருப்பி, பெல் ஹவுசிங்கைப் போல்ட் செய்து, அளந்து, கழற்றி, மறுபடி திருப்பி... நாலாவது முறை முள் 0.003-ல் நின்றது. பின்முகம் சாய்ந்திருக்கிறதா என்றும் பார்த்தோம். அதைப் பார்க்கும்போது கிராங்க்கை ஒரே பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும், இல்லையென்றால் கிராங்க்கின் முன்பின் ஆட்டமும் அளவில் கலந்துவிடும். அது 0.002 தான். மாமா முள்ளை இன்னொரு சுற்று பார்த்துவிட்டு, "இப்ப மாட்டு" என்றார்.

புதுப் பைலட் பேரிங் போட்டு மாட்டினோம். இப்போது எட்டு மாதம். கியர் கழலவில்லை, கிறீச்சல் இல்லை. நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. கியர் மாறுவது பழைய எஞ்சினோடு இருந்ததைவிட மென்மையாகிவிட்டது. அந்தக் காலத்திலும் மையம் விலகியே ஓடியிருக்கும் போல. நாங்கள்தான் 'மன்சின்னா கொஞ்சம் முரண்டு பிடிக்கும்' என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கிளட்ச் மிதி இலேசு. மாஸ்டர் சிலிண்டர் 3/4 அங்குலம் என்பது சரியான தேர்வு, பெரியதாக இருந்தால் மிதி கனத்திருக்கும். சாய்வுத் தட்டு தள்ளுதண்டை நேராகப் பிடிக்கிறது, பக்கவாட்டில் இழுப்பு இல்லை. பிடிக்கும் இடம் மட்டும் தரைக்குக் கொஞ்சம் அருகில். தண்டை இரண்டு திருப்பு நீட்டியதும் சரியானது. நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்தாலும் கால் வலிக்கவில்லை. 11 அங்குலப் பிளேட் இந்த எஞ்சினின் இழுவையைச் சிணுங்காமல் தாங்குகிறது. நெடுஞ்சாலையைப் பற்றிக் கேட்பீர்கள்: பின் அச்சின் பல் விகிதம் 3.73, டயர் விட்டம் 26 அங்குலம், நான்காவது கியர் 1:1. மணிக்கு 100 கி.மீ போனால் எஞ்சின் கிட்டத்தட்ட 3000 சுற்று. பேசிக்கொண்டு போக முடியும், பாட்டுக் கேட்க முடியாது. அதற்குக் கிட்டைக் குறை சொல்ல முடியாது. தரையை வெட்ட மறுத்தவன் நான்தான்.

இடையில் ஒரு விஷயம்: எஞ்சின் ஆட்டோமேட்டிக் லாரியிலிருந்து வந்தது என்றால் அதன் கம்ப்யூட்டர், இப்போது இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத் தேடிக்கொண்டே இருக்கும், பிழைக் குறிகளைக் கொட்டும். மேனுவலுக்கு மாற்றி எழுதச் சொல்லுங்கள். கியர்பாக்ஸில் ஜிஎல்-4 ஆயில் போடுங்கள். ஜிஎல்-5 போட வேண்டாம், சின்க்ரோ வளையங்கள் பித்தளை, அதற்கு அது ஆகாது.

விற்பனைக்குப் பிந்தைய சேவை பற்றி: தவறான பிளேட்டை மாற்றியது விரைவு. தாளைப் பற்றி எழுதிய கடிதத்துக்கு ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. இணைப்பில் அதே தாள். மறுபடி எழுதி, அளந்த எண்களையும் முள்ளின் படங்களையும் அனுப்பினேன். 'பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை' என்று வந்தது. அதில் எத்தனை பேர் அளந்தார்கள் என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

மொத்தமாக மூன்றரை. இதே கிட்டை மறுபடி வாங்குவேனா என்றால் வாங்குவேன், ஃப்ளைவீலுக்கும் பைலட் பேரிங்குக்கும் மட்டுமே அது தகும். கூடவே 0.007 டவல் பின் ஒரு ஜோடியையும் அன்றே சேர்த்து வாங்கிவிடுவேன். டயல் கேஜ் கையில் இல்லாதவர்கள், கடன் கேட்க ஒரு மாமாவும் இல்லாதவர்கள், பெல் ஹவுசிங்கை மட்டுமாவது அளந்து தரும் ஒரு பட்டறையைத் தேடிக்கொண்டு பிறகு ஆர்டர் கொடுங்கள். அந்த விளக்கத் தாள் இப்போது காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள் இருக்கிறது. பின்பக்கம் காலியாக இருந்தது. அதில் மாமா தன் கையெழுத்தில் 0.016 என்று எழுதி அடித்து, கீழே 0.003 என்று போட்டுத் தேதி குறித்திருக்கிறார்.